ஊரி குளறுது, துரை!

1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். கண்டியில் இராணுவச் சட்டம். கலகத் தலைவன் புரன் அப்புவைச் சுட்டுக்கொன்று ஒரு மாதம் ஆகிறது. முடிசூடிக்கொண்ட கொங்காலேகொட பண்டா காடு காடாக ஒளிந்து திரிந்து, அந்த மாதம்தான் பிடிபடுகிறார். சனம் கிளம்பினதற்குக் காரணம் வரி. நாய் வளர்த்தால் ஒரு ஷில்லிங். துவக்கு வைத்திருந்தால் இரண்டரை ஷில்லிங். நாயும் இல்லை, துவக்கும் இல்லை, தப்பினேன் என்று இருந்தவனுக்கு வருடத்தில் 6 நாள் வீதி வேலை. வேலைக்கு வராவிட்டால் 3 ஷில்லிங். நாடு இப்படிக் கொதித்துக்கொண்டிருக்க, இந்த வரிச் சீர்திருத்தத்தில் பெரும் பங்குள்ள காலனிச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் எங்கே போயிருந்தார்?

மட்டக்களப்புக்கு. தோணியில் குந்திக்கொண்டு, தண்ணிக்குள் மீன் பாடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீடு பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்டவன் கதை தமிழில் உண்டு. ஆனால் அவனாவது நெருப்பைத்தான் கேட்டான். இவர் கச்சேரி கேட்கப் போயிருக்கிறார்.

குறையாகச் சொல்லவில்லை. டெனன்ட் அன்று கண்டியில் உட்கார்ந்து இன்னொரு வரியை யோசித்திருந்தால் எங்களுக்கு என்ன லாபம்? வாவிக்கு வந்ததால் மட்டக்களப்பின் பாடுமீன் உலகத்துக்குத் தெரிந்தது. 1859இல் இலங்கையைப் பற்றி இரண்டு பெரிய பாகங்களில் அவர் வெளியிட்ட நூல் இங்கிலாந்தில் நன்றாக விற்றது. திரும்பத் திரும்ப அச்சேறியது. கலவரம் பற்றிய விசாரணையில் ஆளுநர் டொரிங்டனுக்கும் அவருக்கும் இலங்கைப் பதவி போயிற்று. ஊரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

ஊரி என்றால் யாரென்று கேட்கிறீர்களா? அதற்குத்தான் வருகிறேன்.

டெனன்ட் எழுதிவைத்தபடி நடந்தது இதுதான். நிலா எழும்பின பிறகு மீனவர்களோடு ஒரு தோணியில் ஏறினார். கோட்டை வாசல் இறங்குதுறையிலிருந்து வடகிழக்காக ஓர் இருநூறு யார் தூரம் வலித்தார்கள். காற்று இல்லை. துடுப்புப் பட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் அலை இல்லை. சொன்ன இடம் வந்ததும் சத்தம் கேட்டது. ஒரே தொனியாக இல்லை. சின்னச் சின்னச் சத்தங்கள் பல, ஒவ்வொன்றும் தனித்தனியாக, கீச்சுக்குரலும் கட்டைக்குரலும் கலந்து. ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் வரும் நாதத்தை அவர் உவமையாகத் தருகிறார். தோணிப் பலகையில் காதை வைத்தபோது சத்தம் கூடியது. இடம் மாறினால் மாறியது. சில இடங்களில் இல்லவே இல்லை. திரும்பி வந்தால் திரும்பக் கேட்டது. கோடையில்தான் கேட்கும், மழை வெள்ளம் வந்து வாவி பெருகினால் நின்றுவிடும் என்று மீனவர்கள் சொன்னார்கள். துரை பொறுப்பாக எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

அவர் கேட்ட கேள்வி: இது என்ன?

இந்த இடத்தில்தான் என் மண்டை குடைகிறது. உலகம் முழுக்க இதைப் பாடும் மீன் என்கிறது. மட்டக்களப்பில் சங்கத்துக்கும் சஞ்சிகைக்கும் சாப்பாட்டுக்கடைக்கும் பாடுமீன் என்று பெயர். ஊருக்கே மீன் பாடும் தேன்நாடு என்று பட்டம். ஆனால் அன்று அவர் விசாரித்த மீனவர்கள், மீனோடு பிறந்து மீனோடு சாகிறவர்கள், ‘இது மீன் இல்லை’ என்றார்கள். ஊரி என்றார்கள். மட்டியும் நத்தையும் போல ஓட்டுக்குள் இருக்கும் பிராணி. சொன்னதோடு நிற்காமல் அள்ளிக்கொண்டும் வந்து காட்டினார்கள். அதன் தமிழ்ப்பெயரைக் கேட்டுத் துரை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்: ‘ஊரி கூலீரூ கிராடூ’.

அந்தப் பெயரை வாய்விட்டு இரண்டு தரம் சொல்லிப் பாருங்கள். எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் மூன்றாம் தரம் சிரிப்பு வந்துவிடும். அது பெயரே இல்லை. முழு வாக்கியம். ‘ஊரி குளறுகிறது.’ குளறுதல் என்றால் தமிழ்நாட்டில் வாய் தடுமாறுவது. இலங்கைத் தமிழில் வாய்விட்டு அழுவது. பிள்ளை விழுந்து எழும்பி ஓவென்று கத்தினால் ‘ஏன் குளறுறாய்?’ என்று கேட்போம். துரை ‘இது என்ன?’ என்று கேட்டிருக்கிறார். அவர்கள் ‘ஊரி குளறுது, துரை’ என்று நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். துரை அந்த எழுவாய் பயனிலை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிப் பெயர்ச்சொல்லாக்கி லண்டனுக்கு அனுப்பிவிட்டார். குளறுவதை ‘அழுவது’ என்று சரியாகவே மொழிபெயர்த்திருக்கிறார் என்பதையும் சொல்லவேண்டும். ஆளுக்கு அர்த்தம் பிடிபட்டிருக்கிறது, இலக்கணம்தான் பிடிபடவில்லை.

துரை கேட்டதைத் துரை எழுதினார். வலித்தவர்கள் ஒன்றும் எழுதிவைக்கவில்லை. அதனால் அவர்கள் பங்கை நானே இட்டுக்கட்டி நிரப்புகிறேன். எங்களூர் காத்தான்குடிக்காரர் இரண்டு பேரையும் என் பாட்டுக்கு ஏற்றிவிடுகிறேன். (காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.)

“காக்கா, துரை என்னத்துக்கு வந்திரிக்கார்?”

“மீன் பாடுதாம். கேக்க வந்திரிக்காராம்.”

“அல்லாஹ்வே! நாய்க்கு வரி போட்ட மனிசன். பாடுற மீனுக்கும் போடப் போறார்.”

“மெல்லப் பேசுடா. மீனெண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாத. ஊரி எண்டு சொல்லு.”

“ஊரிக்குப் போடமாட்டாரா?”

“ஊரியை எண்ணி முடிக்க வெள்ளைக்காரன்ட பட்டாளம் காணாது.”

இப்படித்தான் உயிரியல் சரித்திரத்தில் பாடுமீன் ஊரியானது என்பது என் கட்சி. ஆதாரம் கேட்காதீர்கள். டெனன்ட் மட்டும் ஊரிக் கட்சியில் உறுதியாக நின்றார். கொண்டுவந்த ஓடுகளைப் பார்த்து லத்தீன் பெயர் போட்டார். எடின்பரோவில் கிராண்ட் என்ற விஞ்ஞானி கண்ணாடிச் சாடிக்குள் வைத்திருந்த ஓடில்லாத ஒருவகைக் கடல் நத்தை ‘கிணுங்’ என்று சத்தம் போட்டதாம். அதையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். பலன் இல்லை. ‘பாடும் ஊரி’ என்று எவன் சுற்றுலாப் பயணிக்கு விளம்பரம் செய்வான்? மீன் வென்றது.

மட்டக்களப்புக்கு இன்னொரு தடவை வந்தபோது, வந்த மறுநாட் காலை டெனன்ட் வேறொன்றும் பார்த்தார். அரசாங்க ஏஜண்டின் வீட்டிலிருந்து சில யார் தூரத்தில், முதல்நாள் இரவு ஆட்டுக்குடல் மாட்டிப் போட்ட தூண்டிலில் முதலை ஒன்று அகப்பட்டுக் கிடந்தது. பத்துப் பதினொரு அடி; அதைச் சின்ன முதலை என்கிறார். தூண்டில் கட்டிய விதத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. தடித்த ஒற்றைக் கயிறு கட்டினால் முதலை கடித்து அறுத்துவிடும். அதனால் மெல்லிய நூற்கயிறுகளைக் கட்டாகச் சேர்த்திருந்தார்கள். நூல்கள் பல்லிடுக்குக்குள் போய்விடும், கடிக்கக் கடிக்க அறுபடாது. தண்ணிக்குள் இருந்தவரை தோணியையே ஆழத்துக்கு இழுத்தது. கரையில் ஏற்றினதும் சுருண்டு போய்க் கிடந்தது. ஆனால் துவக்கால் சுட்டும் சாவதாக இல்லை. இதே தண்ணியில்தான் துரை நிலவுக்குத் தோணிவிட்டுப் பாட்டுக் கேட்டிருக்கிறார். தைரியசாலி. அல்லது வலித்த ஆட்களுக்கு முதலை எங்கே படுக்கும் என்று தெரிந்திருக்கும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மனிதனுக்குப் பயம் எதிலிருந்தெல்லாம் வரும் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நாலே நாலு. அணங்கு என்றால் மலையிலும் சுனையிலும் குடியிருந்து வருத்தும் தெய்வப்பொருள். தமிழில் இந்த உலகத்துக்கு ஒட்டாத சங்கதிகளுக்கெல்லாம் மூத்த சொல் அதுதான். பிற்பாடு அழகான பெண்களுக்கும் அதையே சொன்னார்கள். வள்ளுவர் ஓர் அதிகாரத்தின் தலைப்பிலேயே வைத்தார். இரண்டும் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் சொல் பொருந்திவிட்டது. எனக்கு அந்தப் பட்டியலில் மிகவும் பிடித்தது நாலாவது. தம் இறை, அதாவது சொந்த அரசன். பேயையும் புலியையும் திருடனையும் சொன்ன கையோடு அரசாங்கத்தையும் சேர்த்த மனிதர் எவ்வளவு அனுபவப்பட்டிருக்கவேண்டும்!

மட்டக்களப்பு வாவியில் நாலுக்கும் குறைவில்லை. விலங்கைச் சொல்லியாயிற்று. கள்வர்? 1602இல் ஒல்லாந்தர் ஸ்பில்பேர்கன் கண்டி ராசாவைப் பார்க்கப் போகிறேன் என்று இந்தக் கரையில்தான் இறங்கினார். 1628இல் போர்த்துக்கேயர் வாவியிலுள்ள புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர். ஒருவர் எடுத்ததை அடுத்தவர் எடுப்பதைத் திருட்டு என்று சரித்திரப் புத்தகம் சொல்லாது. ‘கைமாறியது’ என்று சொல்லும். தம் இறை தோணியிலேயே குந்தியிருந்தார். பாக்கி அணங்கு. அது தண்ணிக்கு அடியில் குளறிக்கொண்டிருந்தது. நாலிலும் குறைந்த ஆபத்து அதுதான் என்று வலித்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் பெரிய பெயர் வைக்கவில்லை.

பெரிய பெயர் வைத்தவர்கள் கரையில் இருந்தவர்கள். தண்ணியிலிருந்து தூரம் கூடக் கூடச் சொல்லும் வீங்கும் என்பதை இந்த வாவியில் கண்கூடாகப் பார்க்கலாம். தோணிக்காரனுக்கு ஊரி. துரைமார் பங்களாவில் பாடும் மீன். தமிழ்ப் புலவர் கைக்குப் போனதும் நீரர மகளிர்.

கடைசியாகச் சொன்ன பெயரின் பெருமை சுவாமி விபுலானந்தருக்கு. காரைதீவில் 1892இல் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் படிப்பித்தவர், பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். இரசாயனமும் பௌதிகமும் கரைத்துக் குடித்த ஆள் என்ன சொல்லியிருக்கவேண்டும்? ‘அதிர்வெண் இவ்வளவு’ என்று கணக்குப் போட்டிருக்கவேண்டும். அவர் கணக்கும் போட்டார், பழந்தமிழ் யாழின் நரம்புகளுக்கு. அதுதான் 1947இல் வந்த யாழ் நூல். ஆனால் வாவியின் சத்தத்துக்கு வந்தபோது, நீருக்கு அடியில் தேவமகளிர் பாடுகிறார்கள் என்று பாட்டு எழுதிவிட்டார். துரை நத்தையைத் தேடினார், சுவாமி மகளிரைக் கண்டார். துறவியாயிற்றே என்று யாரும் கேட்கவில்லை. கல்லடி உப்போடையில் அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலயம் இன்றும் இருக்கிறது, சமாதியும் அங்கேதான். அங்கிருந்து, சத்தம் கேட்கும் கல்லடிப் பாலம் நடை தூரம். நீரர மகளிருக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டார்.

அதைவிடத் தூரம் ஒன்று உண்டு. சென்னை. அங்கே போனதும் இதற்குப் பெயர் ‘அமானுஷ்யம்’.

இந்தச் சொல்லோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது. மானுஷம் அல்லாதது அமானுஷ்யம். அப்படிப் பார்த்தால் ஆட்டுக்கடா அமானுஷ்யம். தோடம்பழம் அமானுஷ்யம். வடமொழியில் மனிதரால் ஆகாத தேவகாரியத்துக்கும் இது உரிய சொல்தான். தமிழ் வார இதழ்களும் தொலைக்காட்சித் தொடர்களும் கையில் எடுத்த பிறகு அதற்குப் புகை, கொலுசுச் சத்தம், பூட்டின பங்களா, நரியின் ஊளை எல்லாம் இலவச இணைப்பாக வந்துவிட்டன. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு நண்பரை எங்களூர் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எழுத்தில்தான் அது வாவி. எங்கள் வாயில் ஆறு. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு காக்காவிடம் நண்பர் மரியாதையாகக் கேட்டார்: “ஐயா, இந்தப் பக்கம் அமானுஷ்யம் ஏதும் உண்டா?”

காக்கா யோசித்தார். “அமானுஷ்யமா? அப்பிடி ஒரு ஆள் இந்தப் பக்கம் இல்ல தம்பி. காங்கேயனோடையில விசாரிச்சுப் பாருங்க.”

எங்களூரில் அந்தச் சரக்கு விலைபோகாததற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, இடப் பிரச்சினை. பேய் குடியிருக்க ஒரு பாழ்வீடு வேண்டும். கிழக்கே கடலும் மேற்கே வாவியும் நெரிக்கும் காத்தான்குடி, தெற்காசியாவிலேயே சனம் நெருங்கி வாழும் ஊர்களில் ஒன்று. ஒரு வீடு பகலில் காலியானால் இரவுக்குள் அது இரண்டு பெண்பிள்ளைகளுக்குச் சீதன வீடாகப் பேசி முடிந்துவிடும். பேர்ச் விலையைக் கேட்டால் பேய்க்கே பேய் பிடிக்கும். இரண்டாவது, உடுப்புப் பிரச்சினை. விடியச் சாமத்தில் வெள்ளை உடுப்போடு சத்தமில்லாமல் நடமாடும் உருவம் தமிழ்நாட்டில் பேய். எங்களூரில் சுபஹுத் தொழுகைக்குப் போகிற மாமா. பயந்து ஓடினால் ‘எங்கடா ஓடுறாய், பள்ளி இந்தப் பக்கம்’ என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

மூன்றாவது காரணம் ஜின். எங்களுக்கு அது கதை இல்லை, நம்பிக்கை. குர்ஆனில் ஜின் என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது, 72ஆவது. புகையில்லா நெருப்பால் படைக்கப்பட்டவை. நம்மைப்போலவே நல்லது கெட்டது பார்த்து நடக்கவேண்டியவை. அவற்றிலும் இறைவிசுவாசி உண்டு, மறுப்பவன் உண்டு. சுலைமான் நபிக்கு அவை கட்டட வேலை செய்து கொடுத்தன. அரபியில் அந்த வேர்ச்சொல்லுக்கு மறைந்திருப்பது என்று பொருள். வயிற்றுக்குள் மறைந்திருக்கும் கருவுக்கும், மரங்கள் மூடி மறைத்த தோட்டத்துக்கும், புத்தி மறைந்துபோன லைலாவின் மஜ்னூனுக்கும் அதே வேர்தான். ஆகவே ஜின் என்பது வேற்றுலகப் பொருள் அல்ல. இங்கேயே, பக்கத்திலேயே, கண்ணுக்குப் படாமல் இருப்பது. கடன் வாங்கின மச்சானையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்று ஒரு கட்சி உண்டு.

பொழுதுபட்டு மஃரிபு ஆனால் பிள்ளைகள் ஆற்றங்கரைக்குப் போகக்கூடாது என்று உம்மம்மாமார் சொல்வார்கள். “ஜின்னு இரிக்கி, மனே.” அதற்கு மேல் விளக்கம் கிடையாது. பிள்ளைக்கு நீச்சல் தெரியாது, கரையில் சேறு வழுக்கும், பாம்பு கிடக்கும், ஒரு காலத்தில் முதலையும் படுக்கும். இத்தனையையும் தினம் எடுத்துச் சொல்ல உம்மம்மாவுக்கு நேரம் ஏது? ஒரே சொல்லில் வேலை முடிந்தது. பயந்து காய்ச்சல் கண்ட பிள்ளைக்குத் தண்ணி ஓதிக் கொடுப்பார்கள். கொடுத்த கையோடு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் சனம் இரண்டு பக்கமும் காப்புறுதி செய்துகொள்ளும்.

பேய் என்ற சொல் இந்தத் தீவுக்கு வந்த பிறகு அடைந்த கதி தனி. தமிழ்நாட்டில் பேய் மழை பெய்யும், பேயாட்டம் ஆடுவார்கள். சொல்லுக்கு ஓர் உக்கிரம் இருக்கும். இலங்கையில் பேயன் என்றால் முட்டாள். பேய்க்காட்டுவது என்றால் ஏமாற்றுவது. ‘என்னைப் பேய்க்காட்டாத’ என்றால், பேயைக் காட்டாதே என்று அர்த்தமில்லை. கணக்கை ஒழுங்காகச் சொல் என்று அர்த்தம். பேயைக் காட்டுபவன் மோசடிக்காரன், பார்த்து நம்புபவன் முட்டாள் என்று மொழியே தீர்ப்பு எழுதி வைத்துவிட்ட ஊர் இது. பகுத்தறிவு இயக்கம் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மட்டக்களப்பில் இருந்த அமெரிக்க இயேசு சபைப் பாதிரியார் லாங் வாவியின் சத்தத்தை ஒலிப்பதிவு செய்தார். இலங்கை வானொலியில் அது ஒலித்தது. அதாவது ஊரிக்கு வானொலி வாய்ப்புக் கிடைத்தது. எங்களூர்ப் பாடகர் பலருக்குக் கிடைக்கவில்லை. அதன் பிறகும் பாடுவது யார் என்று அடித்துச் சொல்ல ஆள் இல்லை. மீன் பாடமுடியாதா என்றால், முடியும். பல மீன்களுக்கு வயிற்றுக்குள் காற்றுப்பை இருக்கிறது; அதை ஒட்டிய தசையைப் படபடவென்று அடித்தால் முரசு. கத்தலை என்று நாம் விலை பேசி வாங்குகிற இனத்துக்குப் பெயரிலேயே கத்தல் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை ஜெர்மன் நீர்மூழ்கியை ஒட்டுக்கேட்கச் செசபீக் விரிகுடாவில் கருவிகளை இறக்கி வைத்தபோது, காதில் விழுந்தது இந்தக் கத்தலைச் சாதியின் கச்சேரி.

அதைவிட நல்ல கதை கலிபோர்னியாவில், சோசலிட்டோ என்ற ஊரில். படகு வீடுகளில் வசதியாக வாழ்கிற சனம். 1980களில் அவர்களுக்கு இரவில் தூக்கம் போயிற்று. தண்ணிக்கு அடியிலிருந்து இடைவிடாத ரீங்காரம். கழிவுநீர்ப் பம்பி என்றார் ஒருவர். கடற்படையின் இரகசியப் பரிசோதனை என்றார் இன்னொருவர். வேற்றுக்கிரகத்தார் என்றவர்களும் உண்டு. கடைசியில் விஞ்ஞானிகள் வந்து பார்த்தால் தவளைமீன் இனத்து ஆண்கள். பாறையடியில் கூடு கட்டி வைத்துவிட்டு, பெண்களைக் கூப்பிட்டு இரவிரவாக முனகிக்கொண்டிருக்கின்றன. அணங்கு என்ற சொல்லின் இரண்டு பொருளும் அங்கே கைகோத்துவிட்டன. விபுலானந்தர் சொன்னதில் ஒரே ஒரு பிழைதான் இருந்திருக்கக்கூடும்: பாடுவது மகளிர் அல்ல, மாப்பிள்ளைமார்.

சிரிப்பு வராத ஒரு கதையும் இருக்கிறது. விட்டுவிட்டுப் போனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மன்னிக்கமாட்டார்கள். 2011 ஆகஸ்ட், நோன்பு காலம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசின உருவம் இரவில் வீட்டுக்குள் வந்து பெண்களைத் தாக்குகிறது என்று கிழக்கு மாகாணமே கதிகலங்கியது. சிங்களத்தில் கிறீஸ் யக்கா. எங்கள் சனத்துக்குக் கிறீஸ் பூதம். பத்திரிகைகள் வைத்த பெயர் ‘மர்ம மனிதன்’. பேய், பிசாசு, முனி, மோகினி என்று எத்தனை சொல் கைவசம் இருந்தும், ‘மனிதன்’ என்ற சொல் உள்ளே இருக்கும் பெயர்தான் அந்த மாதம் மக்களைத் தடியோடு முழித்திருக்க வைத்தது. துரத்திப் போனவர்கள், ஆள் படைமுகாம் பக்கம் ஓடினான் என்றார்கள். அரசாங்கம் அப்படி ஒன்றுமில்லை என்றது. கிண்ணியாவிலும் பொத்துவிலிலும் மோதல் ஆனது. உயிரும் போயிற்று. தொல்காப்பியர் இருந்திருந்தால் பட்டியலைத் திருத்தியிருப்பார்: அணங்கு, கள்வர், தம் இறை மூன்றும் ஒரே கிறீஸில் வழுக்கிக்கொண்டு வந்தால் எந்தப் பெயரில் பதிவது? ஜின் என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜின்னுக்குக் கிறீஸ் தேவையில்லை என்று சனத்துக்குத் தெரியும்.

அதற்கு முந்திய உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் இரவில் வாவிக்குத் தோணி இறக்கவே வழி இருக்கவில்லை. அந்த வருடங்களில் ஊரி யாருக்கும் கேட்காமல் குளறியிருக்கும். இப்போது தடையில்லை, ஆனால் சத்தம் கூடிவிட்டது. 1920களில் கட்டி, ஆளுநர் மனைவி மானிங் சீமாட்டியின் பெயர் சூட்டிய கல்லடியின் பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப் பாலமும் வந்துவிட்டது. ஓட்டோ, பஸ், லொறி எல்லாம் இரவிரவாக ஓடும். இயந்திரப் படகு வேறு. பாடுகிறது எதுவாக இருந்தாலும் அதற்கும் காது உண்டு. போட்டி போட்டுப் பாடும் என்று எதிர்பார்க்க முடியாது.

கேட்க ஆசையாக இருந்தால் வாருங்கள். மாரி மழையில் வராதீர்கள். சித்திரைக்குப் பிறகு, புரட்டாதிக்குள், நிறைநிலா நாளில், காற்று அடங்கின பிறகு. கல்லடியில் என்ஜின் இல்லாத தோணியாகப் பாருங்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணிக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைக்கவேண்டும். கைத்தொலைபேசியை அணைத்துவிட்டு, பாலத்தில் லொறி போகாத நிமிடத்துக்குப் பொறுத்திருக்கவேண்டும். கேட்டால், என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இன்னும் வரி போடவில்லை. கார்த்திகை வெள்ளத்தில் ஒருவர் உங்களை ஏற்றிக்கொண்டு போய் ‘கேக்குதா, கேக்குதா’ என்று கேட்டுக் காசும் வாங்கினால், அவர் உங்களைப் பேய்க்காட்டுகிறார். காசு கொடுக்க முன்பே இறங்கிவிடுங்கள்.